மூன்றாவது உத்தரம்

ஆம்ப்ரோஸ் ஓங்கிய சம்மட்டி ஒரே அடியில் அந்தச் சிப்பாயின் மண்டையைப் பிளந்துவிட்டது. அவன் ஞானஸ்நானத் தொட்டியைக் கட்டிக்கொண்டபடியே சரிந்து செத்தான்.

அதுவரை யார் மேலும் யாரும் கை வைக்கவில்லை. இங்கிலாந்து அரசரை எதிர்த்துப் போரிட்ட பாராளுமன்றப் படையின் ஆட்கள் முப்பது பேர் மதியம் வந்தார்கள். சிலைகளும் சித்திரங்களும் பாவம் என்று ஒரு காகிதத்தை வாசித்துவிட்டு, வென்ஸ்டோ தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளை ஈட்டிக் காம்பால் உடைக்கத் தொடங்கினார்கள். ஊரார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஏவிஸ் மட்டும் குறுக்கே போனாள். ஒரு சிப்பாய் அவள் முடியைப் பற்றி இழுத்து, அவள் முகத்தைத் தொட்டியின் கல் விளிம்பில் மோதினான். ஊர்க் கொல்லன் ஆம்ப்ரோஸ் அவளுடைய தம்பி. அவன் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

அந்தத் தேவாலயத்துக்கு இருபது வருடமாகக் கொத்து வேலை பார்ப்பவன் ஹேமன் பாஸ்க், ஏவிஸின் கணவன். அவளை நோக்கி ஓடினான். நடுவில் ஏழெட்டு வாள்கள் உருவப்பட்டிருந்தன.

வாயில் ரத்தம் வழிய ஏவிஸ் கத்தினாள்: "என்னைய விடுங்க! அவனக் கூட்டிட்டு ஓடுங்க!"

மைத்துனனை இழுத்துக்கொண்டு ஹேமன் கோபுரக் கதவுக்குள் பாய்ந்தான்.

கோபுரத்துச் சுழல்படியில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஏற முடியும். ஏறுகிறவனின் வலது கைப்பக்கம் நடுத்தூண் வந்து இடிக்கும். வாளை வீச இடமிருக்காது. மேலே நிற்பவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதலில் ஏறி வந்தவனின் தாடையை ஆம்ப்ரோஸ் பெயர்த்தான். அடிபட்டவன் தன் பின்னால் வந்த இருவரையும் உருட்டிக்கொண்டு போனான். எலும்பு முறிகிற சத்தம் படி படியாகக் கீழே இறங்கியது.

"இன்னும் யாருக்குடா தாடை அரிக்குது? வாங்கடா!" என்றான் ஆம்ப்ரோஸ்.

"வாய மூடு மாப்ளே. மேல ஏறு" என்று அவன் முதுகைத் தள்ளினான் ஹேமன்.

கீழேயிருந்து, அந்தச் சிப்பாய்களின் தலைவன் சார்ஜெண்ட் ஒபதியாவின் குரல் வந்தது. பிரசங்கம் செய்கிற மாதிரி நிதானமான குரல். "யாரும் ஏற வேணாம். ஈர வைக்கோல் கொண்டாங்க. நரிய வளையிலேர்ந்து எப்பிடி எடுக்கறதுன்னு நமக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரத்தில் புகை சுழன்று ஏறியது. கண் எரிந்து, மூச்சு முட்டி, இருவரும் மணிகளுக்குக் கீழே இருந்த குட்டைக் கதவைத் திறந்துகொண்டு நடுக்கூடத்தின் கூரைமேல் இறங்கினார்கள். ஜனவரி மாத உறைபனியில், கூரைமேல் வேய்ந்திருந்த ஈயத் தகடுகள் வழுக்கின. கூரையின் மறுகோடியில் ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் ஒரு பழைய படி சுவருக்குள்ளேயே கீழே இறங்குகிறது. அதன் அடிவாசலை ஹேமனின் தாத்தா காலத்தில் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வெளியூர்க்காரன் யாருக்கும் அப்படியொரு படி இருப்பது தெரியாது.

பாதிக் கூரை கடந்திருப்பார்கள். ஈயத்தின் மேல் பூட்ஸ் சத்தம் கீழே கூடத்தில் நின்ற சிப்பாய்களுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"மேல எலி ஓடுது. சுடுங்க!"

காலடியில் தகடு கிழிந்து குண்டுகள் மேலே வந்தன. ஒன்று ஹேமனின் தொப்பி ஓரத்தைக் கொண்டுபோனது. அடுத்தது ஆம்ப்ரோஸின் அடிவயிற்றில் ஏறியது. அவன் கத்தவில்லை, யாரோ கூப்பிட்டதுபோல மெல்ல உட்கார்ந்தான்.

"மச்சான், என் காலு எங்க போச்சு?"

"இருக்குடா. இங்கதான் இருக்கு. என் கழுத்தப் பிடி."

ஹேமன் அவனை இழுத்துக் கூண்டுக்குள் போட்டு, அந்தக் குறுகல் படியில் ஒவ்வொரு படியாக இறக்கினான். அடியில் ஒற்றைச் செங்கல் சுவர். விரிசல் வழியாக நடுக்கூடம் தெரிந்தது. பெண்களும் கிழவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேரைத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். ஏவிஸின் முகம் வீங்கியிருந்தது. அவர்கள் தலைக்கு நேர் மேலே, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த உத்தரத்தின் முனையில், சிறகு விரித்த மரத் தேவதை. அதன் கழுத்தில் சிப்பாய்கள் கயிறு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கூரையில் சுவருக்குச் சுவர் போகிற குறுக்கு விட்டம் கிடையாது. இரண்டு பக்கமும் கைபோல நீளும் உத்தரங்கள்தான் மொத்தப் பாரத்தையும் தாங்கின. தேவதையும் உத்தரமும் ஒரே மரம். அதிலும் அது மூன்றாவது உத்தரம். மழைத்தண்ணீர் இறங்கி, சுவருக்குள் இருக்கும் அதன் வேர்முனை உளுத்திருந்தது. கோடையில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஹேமன் தள்ளிப்போட்டிருந்தான்.

"போ மச்சான். அக்கா அங்க இருக்கா" என்றான் ஆம்ப்ரோஸ்.

ஹேமன் படியில் முதுகை முட்டுக்கொடுத்து இரண்டு காலாலும் உதைத்தான். நான்காவது உதையில் செங்கல் விழுந்தது.

"இழுக்காதீங்க! கூரையே வந்துரும்!"

நான்கு பேர் பாய்ந்து அவனைச் சுவரோரமாக மடக்கினார்கள். ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் விலாவில் குத்தினான்.

ஒபதியா சிரித்தான். "பொம்மைக்காகவாடா உயிர விடறே?"

"பொம்மை நாசமாப் போகட்டும்! உன் தலைக்குத்தாண்டா சொல்றேன்! ஏவிஸ், தூணுக்கு அந்தப்பக்கம் போ! எல்லாரையும் ஓரக்கூடத்துக்குத் தள்ளு!"

ஏவிஸ் யோசிக்கவில்லை. பக்கத்திலிருந்தவளை எழுப்பித் தள்ளிக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் ஓடினார்கள்.

"இழுங்கடா!" என்றான் ஒபதியா.

பதினோரு பேர் இழுத்தார்கள். முதலில் மூட்டிலிருந்த ஒரு மர முளை தெறித்தது. பிறகு உத்தரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது; பின்னாலேயே பலகையும் ஈயமும் பக்கத்து உத்தரமும் இடிபோல இறங்கின.

தூசி அடங்கியபோது மேலே வானம் தெரிந்தது. கீழே முனகல்கள். ஓட முடியாத விதவை மார்ஜரி ஈயத் தகட்டுக்கு அடியில் கிடந்தாள். கை மட்டும் வெளியே தெரிந்தது.

தப்பித்த சிப்பாய்களில் மூத்தவன் ஹேமனின் சட்டையைப் பிடித்தான். "கொத்தன்தானே நீ? எங்க ஆளுங்கள வெளிய எடுத்துக் குடு. அப்புறம் உன்னை என்ன செய்யறதுன்னு பாக்கலாம்."

ஹேமன் முதலில் சுவருக்குள் போய்ப் பார்த்தான். ஆம்ப்ரோஸ் படியில் உட்கார்ந்தபடியே இறந்திருந்தான். அவன் ரத்தம் ஆறு படி இறங்கியிருந்தது.

திரும்பி வந்து வேலையில் இறங்கினான். எந்த மரத்தை முதலில் தூக்க வேண்டும், எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும், எங்கே ஆப்பு அடிக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, சிப்பாய்கள் பேசாமல் செய்தார்கள். நான்கு பேர் உயிரோடு வந்தார்கள். கடைசியில் ஒபதியா. உத்தரம் அவன் இடுப்பின் மேல் நின்றது. ஹேமன் வைத்த ஒரு முட்டுதான் அதைப் பிடித்திருந்தது. சிப்பாய்கள் நெம்புகோல் எடுக்கப் போயிருந்தார்கள்.

"கொல்லன் என்ன ஆனான்?" என்று கேட்டான் ஒபதியா.

"செத்துட்டான்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றான் அவன். கேலி இல்லை, மனசாரச் சொன்னான்.

ஹேமன் முட்டின் அடியிலிருந்த ஆப்பைக் குதிகாலால் தட்டினான். உத்தரம் ஒரு சாண் இறங்கியது.

"என்னடா சத்தம்?" என்று ஓடிவந்தான் மூத்த சிப்பாய்.

"வழுக்கிருச்சு."

அவன் ஆப்பைப் பார்த்தான், ஹேமனைப் பார்த்தான், காப்பாற்றப்பட்ட நால்வரைப் பார்த்தான். பிறகு தன் ஆட்களிடம், "பொணங்கள வண்டியில ஏத்துங்க" என்றான்.

அவர்கள் போன பிறகு, ஏவிஸ் தூணின் பின்னாலிருந்து வந்தாள்.

"நான் பாத்தேன்" என்றாள்.

"தெரியும்."

"தம்பிக்காகன்னு சொல்லாதீங்க. அவன் அப்பிடிக் கேக்க மாட்டான். கையில சம்மட்டி இருந்தா நேரா அடிப்பான்."

இருவருமாக ஆம்ப்ரோஸைப் படியிலிருந்து தூக்கினார்கள். அவன் உடம்பு கனத்தது. வாசல் வரைக்கும் நான்கு தரம் இறக்கிவைத்தார்கள்.

வசந்தத்தில் வேறு ஊர் ஆட்கள் வந்து, தேவதை இல்லாத வெறும் பலகைக் கூரை போட்டார்கள். ஹேமனைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், வர மறுத்துவிட்டான். ஞாயிறுகளில் ஏவிஸைத் தாழ்வாரம் வரை கொண்டுவந்து விடுவான். அவள் உள்ளே போவாள். ஆராதனை முடியும் வரை, மழையானாலும், அவன் மார்ஜரியின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான்.