வியாழக்கிழமை அமைச்சர்

மஞ்சள் வேனின் கதவை இழுத்துத் திறந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கை பிடித்து இறக்கி, எதிரே நிற்கும் ஆளின் முகத்தை ஒருமுறை பார்த்த பிறகுதான் வேன்காரம்மா அந்தக் கையை விடுவாள். அது பள்ளிக்கூடத்தின் கண்டிப்பான விதி. குழந்தையை வாங்கிக்கொள்ள யார் யார் வரலாம் என்று பெற்றவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்திருக்க வேண்டும். பெயர் கொடுக்காதவர் மாமனானாலும் சரி, மகாராஜாவானாலும் சரி, பிள்ளை வேனிலேயேதான் உட்கார்ந்திருக்கும். பெற்றவளுக்குப் போன் போட்டு, அவள் சரி என்று சொன்னால்தான் இறங்கும். வேன் ஓட்ட வந்த நாளிலிருந்து இந்த விஷயத்தில் அவள் இம்மியும் பிசகியதில்லை.

ஊரார் பிள்ளைகளை எல்லாம் பத்திரமாக அம்மாக்களிடம் சேர்க்கிறவளுக்குத் தன் பிள்ளை மட்டும் கையில் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், சண்டை முற்றிப் பிரிந்து போயிருந்த கணவன், ஒரு நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்று சொல்லி மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். நாளெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிறவள் என்ன பிள்ளை வளர்த்துக் கிழிக்கப் போகிறாள் என்று மாமியாரும் சேர்ந்துகொண்டாள். முதல் மாதம் போனில் குழந்தை, "அம்மா, எப்ப வருவ?" என்று அழுதது. மூன்றாவது மாதம் அழவில்லை. "யாரு பேசுறது?" என்று கேட்டது. அதற்குப் பிறகு போனே எடுக்கப்படவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருந்த பயம் ஒன்றுதான். மூன்று வயதுப் பிள்ளையின் நினைவு என்ன கல்வெட்டா? அடித்துப் பிடுங்கியிருந்தால்கூட ஒருநாள் மீட்டுவிடலாம். மறந்துபோய்விட்டால் யாரிடம் போய் மீட்பது?

வேலையை விட்டுவிட்டு வழக்கு நடத்த முடியாது என்பதால் வேனை ஓரம்கட்டிய நேரங்களில் எல்லாம் நீதிமன்றத்துக்கு ஓடினாள். நீதிபதி நல்லவர். குழந்தை தாயிடம்தான் இருக்க வேண்டும், உடனே ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தீர்ப்போடு போலீஸ் நிலையத்துக்குப் போனால், குடும்ப விஷயத்தில் போலீஸ் தலையிட்டால் நன்றாக இருக்காது, நாலு பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர். அவள் நகராமல் நிற்கவும் இன்னொன்றும் சொன்னார். அனுப்புவதற்கு ஆளில்லையாம். ஜீப்பும் இல்லையாம்.

ஜீப் எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியும். தினமும் சாயங்காலம் அவளுடைய வேனுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது.

அதற்கும் ஒரு கதை உண்டு. அமைச்சருடைய பேத்தி அந்த வேனில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். சாதாரணப் பிள்ளைகளோடு சாதாரணமாக வேனில் போகும் அமைச்சர் வீட்டுப் பேத்தி என்று பத்திரிகையில் படம்கூட வந்திருந்தது. படத்தில் வராதது அந்த ஜீப். இரண்டு போலீஸ்காரர்கள் அதில் உட்கார்ந்து, வத்தல் மாதிரி வெயிலில் காய்ந்தபடி, அந்த ஒரு பிள்ளையின் எளிமைக்குக் காவலாக வந்துகொண்டிருந்தார்கள்.

அமைச்சர் என்றால் சும்மா இல்லை. காவல் துறை, சட்டத் துறை, குடும்ப நலத் துறை மூன்றும் அவர் கையில். ஒரு துறையை ஒழுங்காகப் பார்க்கவே ஒரு ஆயுள் வேண்டும். அவர் மூன்றையும் கேட்டு வாங்கியவர். திங்கள் கிழமை காவல் துறைக்கு மக்கள் குறை கேட்பார், புதன் சட்டத் துறைக்கு, வெள்ளி குடும்ப நலத்துக்கு. அறை ஒன்றுதான், நாற்காலியும் ஒன்றுதான். பியூன் வந்து வாசலில் பலகையை மட்டும் மாற்றி மாட்டிவிட்டுப் போவான். பக்கத்தில் உட்காரும் செயலாளர் மாறுவார்.

வேன்காரம்மா முதலில் ஒரு திங்கள் கிழமை போனாள். அமைச்சர் அனுதாபமாகத் தலையை ஆட்டிக் கேட்டார். இது நீதிமன்றத் தீர்ப்பு, தீர்ப்பை நிறைவேற்றுவது சட்டத் துறையின் பாடு, புதன்கிழமை வந்து பார் என்றார். புதன்கிழமை போனால் அதே நாற்காலி, அதே தலையாட்டல். நீதிமன்றம் தன் வேலையை முடித்துவிட்டது, இனி இது குழந்தையின் நலன் சம்பந்தப்பட்டது, வெள்ளிக்கிழமை வா. வெள்ளிக்கிழமை அவர் குரலே குழைந்து போயிருந்தது. தாயில்லாத பிள்ளை எப்படித் தவிக்குமோ என்று உருகினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி அழுதுவிட்டு, குடும்ப நலத் துறை ஆலோசனை மட்டும்தான் வழங்க முடியும், வீட்டுக்குள் போய்க் குழந்தையை எடுத்து வருவது போலீஸ் வேலை, திங்கள் கிழமை வந்துவிடு என்று முடித்தார்.

"ஐயா, திங்கக்கிழமையும் நீங்கதானே இருந்தீங்க?"

"நான்தாம்மா. ஆனா துறை வேறயில்ல?"

பக்கத்திலிருந்த செயலாளர் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. அந்த அறையில் யாருக்குமே அது சிரிப்பாகத் தெரியவில்லை. காவல் அமைச்சர் சட்ட அமைச்சருக்கு அனுப்ப, அவர் குடும்ப நல அமைச்சருக்கு அனுப்ப, ஒரே மனிதர் தன்னுடைய ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொறுப்பை மாற்றிக்கொண்டிருந்தார். எந்தக் கையும் அழுக்காகவில்லை. செக்கு மாடு மாதிரி இப்படிச் சுற்றியதில்தான் அந்த எட்டு மாதத்தில் பாதி போயிற்று. உங்கள் பேத்தியை நான்தான் கொண்டுவந்து விடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தீர்ப்பு இருக்கும்போது சிபாரிசு எதற்கு என்று நினைத்து அவள் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் தானாகத் தெரியவில்லை. வேனைப் பார்க்கிறவர்கள் டிரைவரைப் பார்ப்பதில்லையே.

அன்று வியாழக்கிழமை. அமைச்சர் வீட்டு வாசலில் வேன் நின்றபோது வழக்கமாக வரும் ஆயா வரவில்லை. ஆயாவுக்குக் காய்ச்சல். பிள்ளையின் அம்மா வெளியே போயிருந்தாள். உள்ளே கட்சிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்த அமைச்சரே எழுந்து வந்தார். பின்னால் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். பேத்தியை வரவேற்கும் தாத்தாவாகத் தன்னைப் பார்க்க அவருக்கே பெருமையாக இருந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

வேன்காரம்மா கதவைத் திறக்கவில்லை.

"உங்க பேரு இல்லைங்கய்யா. அம்மா, ஆயா ரெண்டு பேர் பேருதான் குடுத்திருக்காங்க."

அமைச்சர் முதலில் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

"நான் அவ தாத்தாம்மா."

"இருக்கலாங்கய்யா. நானும் ஒரு பிள்ளைக்கு அம்மான்னுதான் சொன்னேன். ஜட்ஜே சொன்னாரு. யாரும் ஒத்துக்கலையே."

உள்ளே பேத்தி தாத்தாவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தாள். அமைச்சரின் முகம் சிவந்தது. ஜீப்பிலிருந்து இறங்கி வந்த போலீஸ்காரர் கதவில் கை வைக்கப் போனார். அவள் குரலை உயர்த்தாமலே அவரிடம் சொன்னாள்.

"சார், இது குடும்ப விஷயம். போலீஸ் தலையிட்டா நல்லா இருக்காதுன்னு உங்க ஸ்டேஷன்லதான் சொன்னாங்க."

போலீஸ்காரர் அமைச்சரைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். அவள் பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். கட்சிக்காரர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். பேத்தி இப்போது அழவே ஆரம்பித்துவிட்டாள். ஊருக்கெல்லாம் உத்தரவு போடுகிற மனிதருக்குத் தன் வீட்டு வாசலில், ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழும் தன் பேத்தியைத் தொட முடியவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அமைச்சருக்கு அது அப்போதுதான் வந்தது.

"நான் யாருன்னு தெரியுதா உனக்கு?" என்றார். குரல் உடைந்து, கோபமா கெஞ்சலா என்று சொல்ல முடியாத மாதிரி இருந்தது.

"திங்கக்கிழமைன்னா போலீஸ் மந்திரி. புதன்கிழமை சட்ட மந்திரி. வெள்ளிக்கிழமை குடும்பத்துக்கு மந்திரி. இன்னைக்கு வியாழக்கிழமைங்கய்யா. வியாழக்கிழமை நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

அப்போதுதான் அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். மூன்று கிழமைகளிலும் மாறி மாறி எதிரே வந்து நின்ற முகம். அவருக்கு அது ஞாபகம் வந்ததை அவள் கண்ணால் கண்டாள். அதே நேரத்தில் போனில் பிள்ளையின் அம்மா கிடைத்தாள். அவர் என் அப்பாதான், இறக்கிவிடுங்கள் என்றாள். வேன்காரம்மா உடனே கதவைத் திறந்து, குழந்தையின் கை பிடித்து இறக்கி, பையைத் தோளில் மாட்டிவிட்டு, தாத்தாவின் கையில் ஒப்படைத்தாள். ஒரு நொடிகூடக் கூடுதலாகப் பிடித்து வைக்கவில்லை. பிள்ளையைப் பணயம் வைக்கிற புத்தி அவளுக்குக் கிடையாது. அது அவள் கணவனுக்கு இருந்த புத்தி.

பேத்தியை இறுக்கி அணைத்தபடியே அமைச்சர் தன் போனை எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ பெரிய அதிகாரி. பேச்சு ஒரு நிமிஷம்கூட இல்லை. பிறகு ஜீப்பைப் பார்த்துக் கையைக் காட்டினார். இந்த அம்மாவோடு போங்கள், தீர்ப்பில் சொன்னபடி குழந்தையை வாங்கிக் கொடுங்கள் என்றார். ஆளும் இருந்தது, ஜீப்பும் இருந்தது. எட்டு மாத வேலை அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்க அவருக்கு நாலு மாதமாக மனசு வரவில்லை என்பதை நினைக்க நினைக்க வேன்காரம்மாவுக்கு நன்றி வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

மற்ற பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் போனாள். ஜீப் பின்னாலேயே வந்தது. போலீஸைப் பார்த்ததும் கணவன் கதவோரம் ஒதுங்கி வழிவிட்டான். மாமியார் மட்டும் இரண்டு சாபம் விட்டுவிட்டு, குழந்தையின் துணிகளை ஒரு பையில் திணித்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். குழந்தை வளர்ந்திருந்தது. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள். அழவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. மஞ்சள் வேனைப் பார்த்ததும் அதற்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டது. வேன்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் கை வைத்தாள். பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"ஆன்ட்டி, என்னை எப்போ வீட்ல கொண்டுவந்து விடுவீங்க?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பி அவளை வரச் சொல்லியிருந்தார்கள். குழந்தையோடு வரச் சொல்லியிருந்தார்கள். பிரிந்த தாயையும் சேயையும் அதிரடியாகச் சேர்த்து வைத்த அமைச்சர் என்று செய்தி தயாராகிவிட்டது, படம் மட்டும்தான் பாக்கி. அவள் தனியாகத்தான் போனாள். குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருந்தாள். வாசலில் குடும்ப நலப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கேமராக்காரர்கள் நின்றார்கள். அமைச்சர் எழுந்து வந்து, குழந்தை எங்கேம்மா என்று சிரித்தபடி கேட்டார்.

"வீட்டுல இருக்குங்கய்யா. ராத்திரி பூரா, என்னைக் கொண்டுபோய் விடுங்க ஆன்ட்டின்னு அழுதுச்சு. என்னை அம்மான்னு அதுக்குத் தெரியல." கேமராக்காரர் ஒருவர் கேமராவைக் கீழே இறக்கினார். "இதுக்கு எந்தக் கிழமை வரணும்?"

செயலாளர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலப்போக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று அமைச்சர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"சரியாகும். நான் சரி பண்ணிக்குவேன், நான் பெத்தவ. ஆனா நீங்க தட்டிக்கழிச்சது ஒரு மனுவை இல்ல, என் பிள்ளையோட நாலு மாசத்தை. அதை நீங்களே நெனச்சாலும் திருப்பித் தர முடியாது. நேத்து உங்க வாசல்ல உங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் ஆச்சு, அதுக்கே குரல் உடைஞ்சு போச்சு. வெளியில வரிசையில நிக்கறவங்க எல்லாம் அப்படித்தான் நிக்கறாங்க. உங்க பேத்தி அவங்க வேன்ல வர்றதில்ல, அவ்வளவுதான்." வாசலுக்குப் போனவள் திரும்பி, தொங்கிக்கொண்டிருந்த பலகையைக் காட்டினாள். "பதவியை மூணா வாங்கிக்கலாம்யா. பொறுப்பு ஒண்ணுதான். அதை ஏத்துக்கிட்டவனுக்குக் கிழமை கிடையாது."

படம் எடுக்கப்படவில்லை. அவள் வெளியே வந்தபோது பியூன் அந்தப் பலகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து எதை மாட்டுவது என்று தெரியாமல் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். வேன்காரம்மா நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகிவிட்டது.