பத்து நிமிடத்துக்கு ஒரு 'எல்லாம் சரி'

அம்மா அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து போனது அது இரண்டாவது முறை. அண்ணன் வேறு ஊரிலிருந்து போனிலேயே முடிவெடுத்துவிட்டான். "ஞாயித்துக்கிழமை வந்து அம்மாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். துணிமணி எடுத்து வை." என்னிடம்தான் சொன்னான். அம்மாவிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அம்மாவுக்குச் சமையலறைதான் வீடு. மற்ற அறைகளெல்லாம் அதற்குப் போகிற வழி. அண்ணன் வீடு எட்டாவது மாடி. அங்கே மின்அடுப்பு, அண்ணியின் சமையல். சேதி காதில் விழுந்ததும் அம்மா, "அங்க போனா சோபாவுக்குப் போட்ட உறை மாதிரி உக்காந்திருக்கணும்" என்றாள்.

மறுநாளே தம்பி ஒரு சின்ன எலெக்ட்ரானிக் போர்டை வாங்கிவந்தான். போன் ரிப்பேர் கடையில் வேலை செய்பவன். கிடைக்கிற நேரத்திலெல்லாம் எதையாவது பிரித்து எதனோடாவது ஒட்டிக்கொண்டிருப்பான். வீட்டுக்குள் நுழைந்ததும் உறையைக் கிழித்துக் காட்டினான். இரண்டு விரல் அகலத்தில் கறுப்பாக, இரு பக்கமும் வரிசையாகக் கம்பிக் கால்களோடு இருந்தது.

"புதுசா வந்திருக்குக்கா. பழைய போர்டுல வைஃபை வேணும்னா தனியா ஒண்ணை மாட்டணும். இதுல உள்ளேயே இருக்கு. பேட்டரியை நேரா சொருகலாம், கரண்டு போனாலும் ஓடும். எத்தனை பின் இருக்கு பாரு!"

அம்மா எட்டிப் பார்த்தாள். "பூரான் மாதிரியில்ல இருக்கு. கடிக்குமா?"

"கடிக்காது. நீ கேஸைத் திறந்துட்டு மறந்தா கத்தும்."

"அப்ப உங்கப்பா மாதிரின்னு சொல்லு."

வலைமூடி போட்ட ஒரு சின்ன சென்சார். அதற்குத்தான் கேஸ் வாசம் தெரியுமாம். அதை ஒரு பின்னில் மாட்டினான். சிகரெட் லைட்டரைப் பற்றவைக்காமல் அழுத்தி, வாயுவை மட்டும் அதன் பக்கம் விட்டான். போர்டோடு மாட்டியிருந்த பஸ்ஸர் வீறிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து என்ன என்று கேட்டார். அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி உடனே அண்ணனுக்குப் போன் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தான்.

"அங்க கத்தினா உங்களுக்குக் கேக்கும். எனக்கு?" என்றான் அண்ணன். "என் போனுக்கும் வரணும். சும்மா இருந்தாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாம் சரின்னு சொல்லணும். அப்படிச் செஞ்சா அம்மா அங்கேயே இருக்கட்டும்."

"அவ்ளோதானே? வைஃபைதான் உள்ளேயே இருக்கேண்ணா!"

புதன்கிழமை அதை அடுப்புக்கு மேலே சுவரில் பொருத்தினான். அண்ணன், நான், தம்பி, மூன்று பேர் போனிலும் 'எல்லாம் சரி' வர ஆரம்பித்தது.

நான் வேலை பார்க்கும் தையல் கூடம் அடுத்த தெருவில் இருக்கிறது. அதுவரை நடுவில் நடுவில் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். "உனக்குக் கை துணியில, கால் வாசல்ல" என்று சூப்பர்வைசரம்மா திட்டுவார். புதன்கிழமைக்குப் பிறகு நான் ஓடவில்லை. மடியில் போன் அதிரும். ஒரு கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த சட்டைக் கையை ஊசிக்கடியில் தள்ளுவேன். மதியச் சாப்பாட்டைக்கூடக் கூடத்திலேயே முடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை நேரில் பார்க்க அண்ணனும் அண்ணியும் வந்தார்கள்.

"இதுதான் அந்தப் பூரானா?" என்று அண்ணி சிரித்தாள். தம்பி மாப்பிள்ளை மாதிரி தலையைக் கோதிக்கொண்டு லைட்டரை எடுத்தான். சென்சார் பக்கத்தில் அழுத்தினான். சத்தமில்லை. மறுபடி அழுத்தினான்.

"லைட்டர் தீர்ந்துபோச்சு போல."

அண்ணன் அதை வாங்கி ஜன்னலோரம் போய்ப் பற்றவைத்துப் பார்த்தான். நன்றாக எரிந்தது. அணைத்துவிட்டு வந்து அடுப்பின் திருகைத் திறந்தான். கேஸ் வாசம் மூக்கில் ஏறியது. போர்டு சும்மா இருந்தது. அப்போது மூன்று போனும் ஒன்றாக அதிர்ந்தன.

'எல்லாம் சரி.'

அம்மாதான் பாய்ந்துபோய்த் திருகை மூடினாள். "எனக்கே வாசம் வருது, இதுக்கு வரலையா?" அண்ணி ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

தம்பி லேப்டாப்போடு தரையில் உட்கார்ந்தான். எதையோ தேடிப் படித்தான். கொஞ்ச நேரத்தில் அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"வைஃபையைப் போட்டா இந்தப் பக்கத்துப் பின் எதுவும் அளக்காதாம்ணா. வைஃபையே எடுத்துக்குமாம். பழைய போர்டுல இந்தத் தொல்லையே கிடையாது, அதனால எனக்குத் தோணவே இல்ல. நான் லைட்டர் வெச்சுப் பாத்தது வைஃபை போடறதுக்கு முன்னாடி. அப்புறம்தான் மெசேஜ் வந்துட்டே இருந்துச்சே, திரும்பப் பாக்கல."

"அப்ப எதை அளந்து எல்லாம் சரின்னு அனுப்புச்சு?"

"எதையும் அளக்கலண்ணா. பூஜ்யம்னு எடுத்துக்கிச்சு. பூஜ்யம்னா கேஸ் இல்லன்னு நான்தான் எழுதி வெச்சிருந்தேன்."

இத்தனை நாளும் அம்மா தனியாகத்தான் இருந்திருக்கிறாள். நான் சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தம்பி ஒரு ஒயரைப் பிடுங்கி எதிர்ப்பக்கத்தில் சொருகினான். ஏதோ தட்டினான். லைட்டரைக் காட்டினான். பஸ்ஸர் அலறியது. போன்கள் எல்லாம் 'கேஸ்! கேஸ்!' என்று துடித்தன.

"ஒரே ஒரு ஒயர்ணா!" என்றான். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "இனிமே தினம் லைட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் கடைக்குப் போவேன்."

அண்ணன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தணிந்த குரலில் என்னிடம் கேட்டான்: "பாப்பா, நீ சொல்லு. நாளைக்கு இதை நம்பி அம்மாவை விட்டுட்டு வேலைக்குப் போவியா?"

தம்பி என்னைப் பார்த்தான். "சொல்லுக்கா. இப்ப நல்லா வேலை செய்யுதுல்ல?"

நல்லாத்தான் வேலை செய்தது. அம்மா திருகின்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். 'போவேன்' என்று ஒரு வார்த்தைதான். தொண்டைவரை வந்தது.

"பெரிய பெட்டி அலமாரி மேல இருக்குண்ணா" என்றேன். "எனக்கு எட்டாது."

தம்பி லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து வெளியே போனான். வாசல் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. அம்மா அடுப்பு மேடையைத் துணியால் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு அண்ணியிடம் திரும்பினாள்.

"ஏம்மா, அங்க அடுப்பை நானும் கொஞ்சம் தொடலாமில்ல?"

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அவன் அடுத்த அறையில் நாற்காலிமேல் ஏறி, பெட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.