இல்லாத வாசற்படி

வாளியை நிரப்பி வந்து, கூடத்தின் மூலையிலிருந்து அவள் தரையைத் துடைக்கத் தொடங்கினாள். பதினொரு மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறது. ஏற்கெனவே இரண்டு பேர் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இவர்களும் கைநழுவிப் போனால் தன் தலைதான் உருளும் என்று புரோக்கர் காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். அவர் தலை உருண்டால் அவள் வேலை எத்தனை நாள் நிலைக்கும்?

நூறு வயசுக் கட்டடம். முகப்பையும் தூண்களையும் அப்படியே விட்டுவிட்டு, ஆறு குடித்தனங்கள் முட்டி மோதிக் கிடந்த மாடியின் உட்சுவர்களை இடித்து ஒரே வீடாக்கியிருந்தார்கள். இந்தக் கூடத்தில் மட்டும் மூன்று குடித்தனங்கள். நடுவில் இருந்தது அவளுடையது. மகள் பிறந்ததும், ஒன்பது வயதில் மூன்றே நாள் காய்ச்சலில் போனதும், இப்போது நீளச் சோபா கிடக்கிற இடத்தில்தான்.

மகளுக்குக் குருவி என்று பட்டப்பெயர் வைத்தவர் பக்கத்துக் குடித்தனத்துத் தையற்காரர். அறைக்குள் வெளிச்சம் போதாதென்று வாசற்படியில் உட்கார்ந்துதான் குருவி வீட்டுப்பாடம் எழுதும். அடுப்புக்கும் குழாயடிக்கும் நடுவே அவள் நாளுக்கு நூறு தடவை குருவியைத் தாண்டுவாள். திட்டிக்கொண்டேதான் தாண்டுவாள். இப்போது சுவருமில்லை, படியுமில்லை. கறுப்புக் கல் முகம் தெரிய மின்னுகிறது. ஆனாலும் அந்த இடம் வந்தால் அவள் கால் தானாக உயர்ந்துவிடும். துப்புரவுக் கம்பெனியில் இந்த வீட்டைத்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கியிருந்தாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

வந்தவர்கள் இளம் தம்பதி. மனைவிக்கு ஏழு மாதம் இருக்கும்.

"ஒரு வியாபாரி ஆசையாக் கட்டினது சார். கடைசி வரைக்கும் அந்த ஒரே குடும்பம்தான் இருந்தாங்க," என்று புரோக்கர் கூசாமல் அளந்தார்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பியவளை அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"அக்கா, அங்க என்ன இருக்கு? வரும்போதும் தாண்டுனீங்க, போகும்போதும் தாண்டுறீங்க."

"ஒண்ணுமில்லம்மா. பழக்கம்."

"மேடு பள்ளமா இருக்கோ? இந்த வயித்தோட தடுக்கி விழுந்துட்டா என்ன பண்றது?"

கணவன் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான். புரோக்கர் முகத்தில் ஈயாடவில்லை.

"மட்டம் பாத்துப் போட்ட தரை சார். இவங்களுக்கு முட்டி வலி, அதான். அக்கா, நேரா நடந்து காட்டுங்க."

நடந்தாள். அந்த இடத்தில் கால் உயர்ந்துவிட்டது.

"இன்னொரு தடவை," என்றார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. கண்தான் மிரட்டியது.

வாளியருகே கிடந்த துணியை மிதித்து, ஈரக் காலோடு மறுபடி வந்தாள். வகிடெடுத்த சின்னத் தலை நோட்டின் மேல் கவிழ்ந்திருந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளிக்கோடி கண்ணு, என்று மனசுக்குள் கெஞ்சினாள். குருவி என்றைக்கு நகர்ந்திருக்கிறது? அந்த இடத்தில் காலை அழுத்தி வைத்து நடந்து போனாள்.

"சரியாத்தாங்க இருக்கு. குழந்தை தவழ நல்ல இடம்," என்று அந்தப் பெண் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல பெண்தான். அவளைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

கையெழுத்துப் போட அவர்கள் மேஜைக்குப் போனார்கள். புரோக்கர் அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தப்பிச்சோம்க்கா. நாளையிலிருந்து கீழ் வீட்டுக்குப் போயிடுங்க. இங்க இனி உங்களுக்கு வேலையில்ல. அந்தக் கால்தடத்த மட்டும் துடைச்சிட்டு சாவியக் குடுங்க."

அவள் துணியோடு மண்டியிட்டாள். கறுப்புத் தரையில் ஐந்து விரலும் தெரியத் தடம் ஈரமாகக் கிடந்தது.

"ஆச்சா அக்கா?"

"ஆகுது."

துணியை மடியில் வைத்துக்கொண்டு, தடம் தானாகக் காயும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.