முப்பது பூசையும் இரண்டு அமதேயு நொகெய்ராக்களும்

செத்தவர்கள் பாவம் தீரும்வரை வெந்து கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து ஓர் ஆத்துமாவை மீட்க எங்கள் மலைக்கோயிலில் அறுநூறு எஸ்குடோ. முப்பது காலை, முப்பது பூசை, நடுவில் ஒரு நாளும் விடக்கூடாது. சந்தைக்குச் சந்தை துணி விற்கிற நானே இந்த விலையில் பேரம் பேசியதில்லை.

தெயோலிந்தா பன்றியை விற்றுப் பணம் கட்டினாள். புருஷன் அமதேயு நொகெய்ரா செத்த வாரத்திலிருந்து அவள் வீட்டுப் படியில் மரச்செருப்புச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் நின்றுவிடும். கதவைத் திறந்தால் வெறும் குளிர்.

முப்பது பூசையும் முடிந்தது. அந்தச் சத்தம் நிற்கவில்லை. ஆற்றுப்பாதையில் வருஷக்கணக்காகக் கல்லை இழுத்துக்கொண்டு போன சத்தம்தான் நின்றது. அது மில்காரர், அவரும் அமதேயு நொகெய்ரா. உயிரோடிருந்தபோது எல்லைக்கல்லைத் தெயோலிந்தாவின் தோப்புக்குள் நகர்த்தியவர். கல்லை நகர்த்தியவன் செத்த பிறகு அதை இழுத்துக்கொண்டே திரிவான் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

என்ன தப்பு நடந்தது என்று ஊருக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு காலத்தில் இது முழுதும் ஒரே பண்ணை. அக்ரூட் மரத்தின் பெயரில் நொகெய்ரா. அங்கே உழுதவன், கோயில் வாசலில் யாரோ விட்டுப்போன குழந்தை, எல்லார் மேலும் பண்ணைப் பெயரையே ஒட்டிவிட்டார்கள். இன்று ஊரில் நொகெய்ரா அல்லாதவை பாதிரியாரும் கழுதைகளும்தான். அதனால் ஆளைக் காட்டுவது பட்டப்பெயர். எனக்குக் 'குட்டை முழம்', காரணம் கேட்க வேண்டாம். தெயோலிந்தாவின் புருஷனுக்குக் 'கோழித்திருடன்'. புதிதாக வந்த பாதிரியார் சாமி, பீடத்தில் நின்று அதையெல்லாம் சொல்ல மாட்டேன் என்று முப்பது நாளும் வெறும் அமதேயு நொகெய்ரா என்றே வாசித்திருக்கிறார். முந்திச் செத்த மில்காரர் வரிசையில் முந்திக்கொண்டார்.

மாறிப்போன பூசைக்கான பணத்தைக் கேட்டுப் பேரம் பேச என்னைக் கூட்டிக்கொண்டு தெயோலிந்தா மில்காரரின் மகள் ஃபெலிஸ்மினா வீட்டுக்குப் போனாள். ஒயின் ஊற்றிக் கொடுத்தாள் ஃபெலிஸ்மினா.

"எங்க அப்பாவுக்குப் பூசையே தேவைப்படல அண்ணே. செத்த அன்னிக்கே மோட்சம் போயிட்டாரு."

பூசைக் கடனை ஒப்புக்கொண்டால் கல்லை நகர்த்தியதையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு தோப்புத் துண்டையும் திருப்ப வேண்டும். வக்கீல், கோர்ட்டு என்று நான் இழுக்க ஆரம்பித்தேன். தெயோலிந்தா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"துண்ட நீயே வச்சுக்கடி. கல்லு இருக்கற எடத்துலயே இருக்கட்டும். என் மனுஷன் படியில நிக்கறான். உள்ளயும் வர முடியல, போகவும் முடியல. அவன அனுப்பி விடு, போதும்."

எடுத்த எடுப்பிலேயே கையிலிருந்த சரக்கை எல்லாம் இறக்கி வைத்தவரை எந்தச் சந்தையிலும் நான் பார்த்ததில்லை.

ஃபெலிஸ்மினா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, அந்தக் கல்லுச் சத்தம் நின்னது உனக்கும் கேட்டுச்சா?" என்றாள்.

அவளும் இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். காதிலிருந்த தங்கத்தோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். துண்டைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தோட்டை விற்று மறுபடி முப்பது பூசை. இந்த முறை தெயோலிந்தா பீடத்துக்கு நேராக நின்றுகொண்டாள். சாமி முகம் சிவக்கச் சிவக்க, கோழித்திருடன் அமதேயு நொகெய்ரா என்று தினமும் வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. படியில் சத்தம் நின்றது.

ஆக, மில்காரர் கணக்கு நேர். கோழித்திருடன் கணக்கும் நேர். தெயோலிந்தாவின் பன்றிக்குத் தோடு நேர். ஒரு துண்டுத் தோப்புதான் அவளுக்கு நஷ்டம், அதை அவளே தள்ளுபடி செய்துவிட்டாள். கல் மட்டும் இன்னும் இடம் மாறித்தான் கிடக்கிறது. அது ஃபெலிஸ்மினா நொகெய்ரா பெயரில் பாக்கி.