பெருமாயி புஞ்சைக்கு மேல் நின்ற மேகம்

1982-ஆம் வருஷம் ஐப்பசியில், நாகலாபுரத்துக்குத் தெற்கே பெருமாயியின் பருத்திப் புஞ்சைக்கு மேல் பனை உயரத்தில் ஒரு மேகம் வந்து நின்றது. கார்த்திகை பிறந்தும் அது பெய்யவுமில்லை, நகரவுமில்லை. முதலில் ஊரே திரண்டு வந்து பார்த்தது. பிறகு ஆடு மேய்ப்பவர்கள் அதன் நிழலில் துண்டை விரித்துத் தூங்கினார்கள். அதற்குள் புகுந்த கொக்குகள் காக்கை நிறத்தில் வெளியே வந்தன. பெருமாயியின் கணவன் சிவனாண்டி வரப்புப் பனையில் ஏறி மேகத்துக்குள் கையை விட்டுப் பார்த்தான். கை கரியானதே தவிர நனையவில்லை.

கரி எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மூன்று வருஷமாக மழை பொய்த்ததில், பயிர் வைத்துப் பிழைத்த சம்சாரிகள் தரிசில் முளைத்த வேலிக்கருவேலை வெட்டி அடுக்கி, மண் பூசித் தீ வைத்து, கரிமூட்டம் போடத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளாமை போன வீடுகளுக்கு மூட்டம்தான் கஞ்சி ஊற்றியது. சிவனாண்டிக்கும் இரண்டு மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. அமாவாசைக்குள் மழை இல்லையென்றால் வாடிய பருத்தியைப் பிடுங்கிவிட்டு நிலத்தை வேலிக்கருவேலுக்கே விட்டுவிடப் போவதாக அவன் சொல்லிவிட்டான். அது பெருமாயிக்கு அவள் அப்பா கொடுத்த புஞ்சை. அந்த மரம் வேர் பிடித்த கரிசலில் அப்புறம் ஏர் இறங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தும் இராமச்சந்திரன் பஸ் பிடித்து வந்து, மேகத்துக்கடியில் நெடுநேரம் நின்றார். தண்ணீருக்குக் குறைவில்லை என்றார்.

"ஒவ்வொரு கரித்தூளும் கொஞ்சங் கொஞ்சம் தண்ணியப் பிடிச்சுக்கிடுது. தூளு கோடிக்கணக்குல கெடக்கு. கீழ விழுத கனம் எந்தத் துளிக்கும் வரல."

"கூட்டம் மிஞ்சின பந்தி மாதிரில்லா இருக்கு சார்," என்றான் சிவனாண்டி. "ஆளுக்கொரு பருக்கை, ஒருத்தனுக்கும் வயிறு நிறையல."

அதற்கு என்ன செய்வது என்று பெருமாயி கேட்டாள். தண்ணீரை இழுத்துச் சேர்க்கிற உப்பு மாதிரி ஏதாவது உள்ளே போக வேண்டும், அதற்கு ஏரோப்பிளேன் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவர் கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அமாவாசைக்கு முதல் நாள் பெண்கள் வீடு வீடாகத் தானியம் வாங்கி மழைக்கஞ்சி காய்ச்சினார்கள். அதில் உப்புப் போடக் கூடாது. உப்பில்லாத கஞ்சியைக் குடித்து அழுதால்தான் வானம் இரங்கும் என்பது வழக்கம். அந்த வருஷம் மேகத்துக்கு நேர் கீழே அடுப்புக் கூட்டியிருந்தார்கள். கிண்டும் முறை வந்தபோது பெருமாயி மடியிலிருந்த கல்லுப்பை இரண்டு கையாலும் அள்ளிப் பானையில் போட்டாள். பக்கத்து வீட்டு வேலுத்தாய் ஒரு வாய் குடித்துத் துப்பினாள்.

"ஏட்டி, எவட்டி உப்புப் போட்டது? உப்பளத்தையே கொட்டி வச்சிருக்கா!"

"நான்தான். மூணு வருஷமா உப்பில்லாமத்தான குடிச்சோம்? என்ன பெஞ்சுது?"

"பெய்யலன்னா ஊரு காயுததுக்கு நீதான் பதில் சொல்லணும்."

"சொல்லுதேன். இப்ப வெறகத் தள்ளு."

ஆவி நேராக ஏறி மேகத்துக்குள் போனது. பானை மூன்றாம் முறை பொங்கியபோது, புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புத் துளி வேலுத்தாயின் நெற்றியில் விழுந்தது. அவள் அதைத் தொட்டு நக்கிப் பார்த்து, உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்றாள். பொழுது அடையும்வரை மை போலப் பெய்தது. மூட்டம் இரண்டும் அவிந்து, கரி சேறாகப் போனது. சிவனாண்டி மறுவாரம் பருத்திக்குக் களை வெட்ட இறங்கினான். வெளுத்துப்போன மேகம் கழுகுமலைப் பக்கம் போய்விட்டது.

மாசியில் பருத்தி அடுப்புச் சாம்பல் நிறத்தில் வெடித்தது. கோவில்பட்டிப் பருத்திக் கடை ராஜமணி ஒரு கொத்தைப் பிய்த்து, எச்சில் தொட்டுத் தேய்த்தார். கரி ஒட்டவில்லை.

"என்னம்மா இது, இப்படி ஒரு நெறம்?"

"அந்த மழைக்கு அப்படித்தான் வெடிக்குது அண்ணாச்சி."

அவர் கொஞ்சம் யோசித்தார். வேட்டிக்கு ஆகாது, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டைத் துணி நெய்தால் அழுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னார்.