ரத்தக் குறைவு

கொல்லையில் புடவைகளை மறைப்பாகக் கட்டி, பலகையில் தையல்நாயகியின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். மகளின் தலையை மடியில் தாங்கி அம்சம் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி காளியம்மாள் செம்பால் தண்ணீர் ஊற்றினாள். பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கையும் காலும் குச்சியாகியிருந்தன. அடிவயிறு மட்டும் உப்பிக் கிடந்தது.

மறைப்புக்கு வெளியே யாரோ ஒருத்தி கிசுகிசுத்தாள். "நாள் தள்ளிப் போயிருக்கும். எங்கயோ கொண்டுபோய்க் கலைச்சிருக்காங்க."

அம்சத்துக்கு அது புதிதில்லை. மாசிக் கடைசியில் உதிரப்போக்கு நிற்காமல், கூடவே சதைத் துணுக்கும் விழுந்தபோது, கதவைச் சாத்திவிட்டு அவளே மகளின் முடியைப் பிடித்து உலுக்கினாள். "யாருடி அவன்?" சுவரைப் பார்த்தபடி நின்ற பெண், "யாருமில்லம்மா" என்றாள். அம்சம் நம்பவில்லை. அதன் பிறகு சோறு போட்டாள், டானிக் ஊற்றிக் கொடுத்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

காளியம்மாள் செம்பைக் கீழே வைத்தாள்.

"வாயக் கழுவுங்கடி. அந்தப் புள்ள மேல பழி போடாதீங்க. கர்ப்பப்பை வாயில கட்டி அவளுக்கு. திராட்சைக் கொத்தாட்டம் இருந்துச்சாம்."

"என்னடி சொல்ற?" என்றாள் அம்சம். "ரத்தம் கம்மின்னுதானே சொன்னாங்க?"

"அக்கா, மாமாவும் எங்க வீட்டுக்காரரும்தானே தஞ்சாவூருக்கு அழைச்சிக்கிட்டுப் போனாங்க? தையிலயே டாக்டரம்மா சொல்லிட்டாங்களாம். சின்ன வயசுப் புள்ளைங்களுக்கு எப்பவாச்சும் வர்ற புத்துநோயாம். இன்னும் பரவல, கர்ப்பப்பைய எடுத்துட்டா பொழைக்க வழியிருக்குன்னாங்களாம். மாமாதான் வேணாம்னு அழைச்சிக்கிட்டு வந்துட்டாரு. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர மிரட்டி வச்சிருந்தாரு. புள்ள போனப்புறந்தான் எங்கிட்டயே சொன்னாரு."

அம்சம் மகளின் தலையை மெல்லப் பலகையில் வைத்தாள். ஈரக் கையோடு எழுந்து போனாள்.

வாசலில் சங்கத்து ஆட்களுக்கு நடுவில் அவள் புருஷன் வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தார். போன சம்பாவில் கூலி கேட்டு, பண்ணையாரின் களத்தில் அடியாட்களின் கம்புக்கு எதிரே நெஞ்சைக் காட்டி நின்றவர். குடிமனைப் பட்டாவுக்காகத் தாசில்தார் ஆபீசில் தெருவையே கொண்டுபோய் உட்கார வைத்தவர். அவர் ஒன்று சொன்னால் தெருவே நம்பும். அம்சமும் நம்பினாள்.

"ஏங்க, இப்படி வாங்க."

வைக்கோல் போர் ஓரமாக வந்து நின்றார்.

"தை மாசமே தெரியுமா உங்களுக்கு?"

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. "கர்ப்பப்பைய எடுத்துட்டா அவள எவன் கட்டுவான்? காலம் பூரா மலடின்னு பேரெடுக்கணுமா? நாட்டு மருந்துல கரைஞ்சிடும்னு இருந்தேன்."

"எடுத்தா எடுத்துட்டுப் போறா. என் கண்ணு முன்னாடி நடமாடிக்கிட்டு இருந்திருப்பால்ல?"

அவர் போரிலிருந்து ஒரு வைக்கோலை உருவினார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்." தலை குனிந்தார். "எடுத்துடலாம்பான்னு அழுதா. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு தலையிலடிச்சி சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

முடியைப் பிடித்து உலுக்கியபோதும் அந்தப் பெண் இத்தனையையும் வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ எடுத்துடலாம்னு சொல்லியிருப்ப."

தெருமுனையில் பறைச்சத்தம் கேட்டது. பாடையோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அம்சம் மறைப்புக்குள் திரும்பினாள். மகளின் ஈரத்தலையைத் துவட்டி, சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னினாள்.

பொழுது சாயும் நேரத்தில், மயானத்திலிருந்து வாய்க்காலில் முங்கிவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். கழுவிவிட்ட வீட்டுக்குள் நுழையும்முன் காலுக்குத் தண்ணீர் ஊற்ற அம்சம் குடத்தோடு நிலைப்படியில் நின்றாள். காளியம்மாளின் புருஷன், கொழுந்தன் மருதையன் அவள் முகத்தைப் பார்க்காமல் காலை நீட்டினான். ஊற்றினாள். அடுத்து வைரக்கண்ணு வந்து நின்றார்.

அம்சம் குடத்தை நிமிர்த்தி, அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "வாங்க" என்றாள்.

வைரக்கண்ணு ஒதுங்கி வழிவிட்டார். ஒவ்வொருவராகக் கால் நனைத்து உள்ளே போனார்கள். கணுக்கால் வரை அப்பியிருந்த வாய்க்கால் சேறு வெளிறிக் காயும் வரை அவர் வாசலிலேயே நின்றார்.