காலியாகத் திரும்பிய பாட்டில்

"நான் என்ன மாடா, மூணு வேளையும் தவிட்டைப் போட்டு..."

"மாடு தண்ணியாவது குடிக்கும்."

"ரொட்டியில தவிடு, கஞ்சியில தவிடு, சூப்புலகூட தவிடு..."

"உன் வயிறு சரியாகணும்னுதானே போட்டேன். தெருவுக்கா போட்டேன்?"

"தைக்கிற துணிக்கெல்லாம் அளவு வச்சிருக்கீங்க மாஸ்டர். தவிட்டுக்கு மட்டும் அளவே இல்ல."

"தண்ணி பாட்டில் காலியா வந்துச்சு. காலியா வந்தா குடிச்சிட்டான்னுதானே எவனும் நினைப்பான்? நீ கொட்டிட்டு வர்றேன்னு யாரு கண்டா?"

அவள் முழங்கால்களை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். காக்கிச் சட்டையைக்கூட இன்னும் மாற்றியிருக்கவில்லை.

அவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டு, கால்சட்டை இடுப்பைக் குறைப்பது, பள்ளிக்கூடச் சீருடை தைப்பது என்று காலம் தள்ளுகிறவர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிடுவதைப் பார்த்து, கல்யாணமான புதிதில் அவளும் கேலிக்காகக் கூப்பிட்டாள். அது அப்படியே நிலைத்துவிட்டது. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவருக்கு அவள் டிரைவரம்மா.

அன்று காலை பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் அவளுக்கு வயிற்றைப் பிடித்து இழுத்தது. வண்டியை ஓரங்கட்டி, கைபிரேக்கை இழுத்துவிட்டு, அதன் பிறகே ஸ்டீயரிங் மேல் சாய்ந்திருக்கிறாள். கண்டக்டர் பையன் போன் செய்து அழாத குறையாகச் சொன்னான். "அக்கா மட்டும் ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா, மாஸ்டர்..." வண்டி நிறைய ஜனம்.

ஆஸ்பத்திரியில் வயிற்றை அமுக்கிப் பார்த்த டாக்டரம்மா, "கல்லு மாதிரி இருக்கே. என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். மாஸ்டர் முந்திக்கொண்டு ஒப்பித்தார். அவளுக்கு வெகு நாளாகவே மலச்சிக்கல். அதனால் காலையில் தவிடு கலந்த கஞ்சி, மதியத்துக்குக் கீரையும் பயறும், தோலோடு கொய்யாப்பழம். சரியாகாததால் தவிட்டை இன்னும் கொஞ்சம் கூட்டினார். அப்புறம் இன்னும் கொஞ்சம். சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

"தண்ணி?"

"பெரிய பாட்டில் நிறையக் கொடுத்து அனுப்புவேன் டாக்டர். சாயங்காலம் காலியாத்தான் வரும்."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"டூட்டி முடியறப்போ கீழ ஊத்திடுவேன்" என்றாள். "நாக்கு ஒட்டிக்கிட்டா ஒரு வாய். அவ்வளவுதான்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. அது மாஸ்டருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு பேருமாச் சேர்ந்து நல்லா செஞ்சிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கினார். நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டுதான் வேலை செய்யும். தண்ணீர் இல்லாமல் தவிட்டை ஏற்றிக்கொண்டே போனால் உள்ளேயே கெட்டிப்பட்டுப்போகும். கூட்டுவதானாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவேண்டும். "அப்புறம், வர்றப்போ போயிடணும்மா. அடக்கிக்கிட்டே இருந்தா குடல் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கும். கொஞ்ச நாள்ல கூப்பிடறதையே நிறுத்திடும்."

கடைசியாக அவர் சொன்ன இன்னொன்றுதான் அவளைத் தாக்கியது. ஓட்டும்போது இன்னொரு தடவை இப்படி வந்தால், வண்டி ஓட்டத் தகுதி என்று கையெழுத்துப் போட மாட்டார். டிப்போவில் ஏதாவது மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அந்த டிப்போவில் பேருந்து கழுவச் சேர்ந்தவள் அவள். கழுவிய வண்டியில் ஏறி, யாரும் பார்க்காதபோது ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள். லைசென்ஸ் எடுத்து, கேலி கேட்டு, தேர்வில் இரண்டு தடவை தோற்று, அந்த இருக்கைக்கு வந்தவள். அது போனால் அவளுக்கு வேறு என்ன மிஞ்சும் என்று மாஸ்டருக்குத் தெரியும்.

லீவு போட்டு வீட்டில் இருந்த நாட்களில் மாஸ்டர் மெஷின் பக்கமே அதிகம் போகவில்லை. எழுந்ததும் வெந்நீர். கஞ்சி குடித்த கையோடு, வந்தாலும் வராவிட்டாலும், அவசரமில்லாமல் கழிவறையில் கொஞ்ச நேரம். கால் சற்று உயர்ந்திருந்தால் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், நூல்கண்டு வைக்கும் மரப்பெட்டியைக் காலி செய்து உள்ளே கொண்டுபோய்ப் போட்டார்.

"சிம்மாசனம் எப்படி இருக்கு?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"காவலுக்கு நிக்காதீங்க மாஸ்டர். வர்றதும் வராது."

அவர் நகர்ந்துபோனார். சாயங்காலம் இருவரும் தெருக்கோடி வரை நடந்தார்கள். தவிட்டைச் சிட்டிகையாகக் குறைத்தார். மருந்தும் தண்ணீருமாக வயிறு இளகியது. முகத்தில் இருந்த சாம்பல் நிறம் போயிற்று. ஒரு நாள் காலையில் அவள் வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள். அவர் போய் இரண்டு பழம் வாங்கிவந்தார், அது ஏதோ பரீட்சை பாஸான மாதிரி.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். அவள் மறுபடி டூட்டிக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் பாட்டில் திரும்பி வந்தது. மூடிகூடத் திறக்கப்படவில்லை.

மாஸ்டர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தத் தடவை கொட்டல" என்றாள் அவள். "பொய் சொல்லக்கூடாதுன்னு அப்படியே கொண்டு வந்துட்டேன்."

"குடிச்சா என்னம்மா? கை வலிக்குதா?"

"வலிக்குது. விடுங்க."

"என்னை ஏமாத்துறதா நினைச்சு உன்னையே..."

"விடுங்கன்னு சொன்னேன்ல."

"காரணத்தைச் சொல்லு."

"சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். போதும்மா, வேலைய விட்டுடுன்னுவீங்க. சேர்ந்த வருஷம் ஒரு தடவை சொன்னீங்க. இன்னொரு தடவை கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவர் அதைச் சொன்னதையே மறந்திருந்தார். அவள் மறக்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டைப் பூட்டிவிட்டு அவளுடைய பேருந்தில் ஏறினார். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம். கண்டக்டர் பையன் டிக்கெட் கிழிக்க வந்து, ஆளைப் பார்த்துவிட்டு, "அக்கா, மாஸ்டர் வந்திருக்காரு" என்றான்.

கண்ணாடியில் அவள் கண் ஒரு கணம் தெரிந்தது. "எங்க இறங்கணுமாம்?"

"கடைசி ஸ்டாப்" என்றார் மாஸ்டர்.

அவள் ஓட்டுவதை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. ஒரு சைக்கிள்காரனுக்காக அவள் பொறுத்துக்கொண்ட விதத்தையும், நடக்க முடியாத பெரியவர் ஏறி உட்காரும்வரை கியரில் கை வைக்காததையும் பார்த்தார். அவர் தன் பாட்டிலைத் திறந்து குடித்தார். அவளுக்குக் குடித்துக்காட்டுவதாக நினைப்பு. வழியெல்லாம் நெரிசல். கடைசி ஸ்டாப்புக்கு வருவதற்குள் அவருக்கு அடிவயிறு முட்டியது.

அது ஒரு பொட்டல். வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிப்பவரின் தகரக் கூண்டு, ஒரு பெஞ்சு, கொஞ்சம் தள்ளி இடிந்த மதில். வண்டி நின்றதும் கண்டக்டர் மதிலுக்குப் பின்னால் போனான். வேறு வண்டிகளின் டிரைவர்களும் போனார்கள். மாஸ்டரும் கூடவே போனார். ஆம்பளைக் கூட்டத்தில் ஒரு ஆளாய் நின்று, பேன்ட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்தபோதுதான் அவளைப் பார்த்தார்.

அவள் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். முன்கண்ணாடி வழியாக எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டருக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருஷம் கீரையும் பயறும் கட்டிக்கொடுத்தவருக்கு, அவள் எங்கே போவாள் என்று ஒரு தடவையாவது கேட்கத் தோன்றவில்லை.

அவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். "காலையிலேருந்து இப்படியேவா?"

"டிப்போவுக்குத் திரும்புற வரைக்கும்."

"யார்கிட்டயும் கேக்கலையா?"

"கேட்டா, பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலைன்னு ஆரம்பிப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "வீட்லயும்" என்றாள்.

மாஸ்டர் கூண்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பின்பக்கம் சிமென்ட் அறை ஒன்று இருந்தது. கதவில் பாவாடை போட்ட பெண் உருவம், பாதி உரிந்த வண்ணத்தில். கதவில் ஒரு பூட்டு. இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். பழைய டயர்கள், துடைப்பங்கள், கால் உடைந்த நாற்காலி ஒன்று. டயர்களுக்கு நடுவே கழிவறைப் பீங்கான் தெரிந்தது.

அவர் முன்பக்கம் வந்தார். நேரம் குறிப்பவர் பெஞ்சில் நான்கு டிரைவர்களோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர்" என்றாள் அவள் ஜன்னலிலிருந்து, மெதுவாக. "வேணாம். எனக்குத்தான் கஷ்டம். வந்து ஏறுங்க, நேரமாச்சு."

அவர் நின்றார். வாழ்நாளில் வாடிக்கையாளரிடம்கூடக் குரலை உயர்த்திப் பேசாதவர். அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலைய விடுன்னு சொல்ல வரல" என்றார்.

அவள் கை ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கியது. வேண்டாம் என்று மறுபடி அவள் சொல்லவில்லை.

மாஸ்டர் பெஞ்சுக்கு நேராகப் போய் நின்றார். சிரிப்பு ஓய்ந்தது. ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பின்னாடி இருக்கிற அந்தப் பூட்டுக்குச் சாவி யார்கிட்டங்க இருக்கு?"